லண்டனில் சார்ஜர் கிடைக்கும், காரை நிறுத்த இடம்தான் கிடைக்காது: ஒரு மின்கார் அனுபவம்

லெஸ்டரிலிருந்து கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமுக்கு ஏறத்தாழ 110 மைல். சித்தி வீடு, மேனர் பார்க் முருகன் கோயில், யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணம், ஊரிலிருந்து வருபவர்களை அழைத்துவர ஹீத்ரோ என்று அடிக்கடி ஏதாவது காரணம் வந்துவிடும். சில வருடங்களாக இந்தப் பயணங்கள் எல்லாம் கியா நீரோ மின்காரில்தான். 64 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி. கோடையில் யூனிட்டுக்கு 4 மைல் வரை கொடுக்கிறது. ஜனவரியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு எம்1 நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் போனால் 3 மைல்தான். கணக்குப் போட்டால், கோடையில் போய்வர 55 யூனிட் போதும். குளிரில் 73 வேண்டும், அது பேட்டரியிலேயே கிடையாது. ஆக, லண்டனுக்குள் எனக்குத் தேவைப்படுவது முழு சார்ஜ் அல்ல. 25 யூனிட், கூடிப்போனால் 30.

"லண்டனில் சார்ஜர் கிடைக்குமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகக் கிடைக்கும். பொதுச் சார்ஜர்கள் நகரத்துக்குள் 20,000-க்கும் மேல் இருக்கின்றன. சார்ஜர் இருக்கும் இடங்களைக் காட்டும் ஜாப்மேப் ஆப்பைத் திறந்தால் வரைபடமே தெரியாத அளவுக்குப் புள்ளிகள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சார்ஜர் முன்னால் உங்கள் கார் நிற்க அனுமதி உண்டா, எத்தனை மணி நேரத்துக்கு, எந்தக் கிழமையில்?

லண்டனுக்கே உரிய ஏற்பாடு தெருவிளக்குக் கம்பச் சார்ஜர். பழைய சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டபோது, ஒவ்வொரு கம்பத்துக்கும் வரும் மின்சாரத்தில் மிச்சம் ஏற்பட்டது. அந்த மிச்சத்தை வைத்துக் கம்பத்தின் இடுப்பிலேயே மின்கார் கேபிளைச் செருகும் டைப் 2 சாக்கெட் ஒன்றைப் பொருத்திவிட்டார்கள். தெருவைத் தோண்ட வேண்டாம், புதிதாக ஒரு பெட்டியை நட வேண்டாம். மைடா வேல் பக்கம் சதர்லாண்ட் அவென்யூ என்ற தெருவில் 2020-ல் கம்பங்கள் மொத்தத்தையும் இப்படி மாற்றி, மின்கார்த் தெரு என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். இன்று பல பகுதிகளில் இது சாதாரணக் காட்சி. முதல் தடவை தேடுகிறவர்களுக்குக் கண்ணில் படாது, ஏனென்றால் அது வெறும் விளக்குக் கம்பம் மாதிரியே இருக்கும்; கிட்டப் போய்ப் பார்த்தால்தான் சின்ன மூடியும் ஒரு க்யூஆர் ஸ்டிக்கரும் தெரியும்.

வேகம் சுமார் 5 கிலோவாட். மெதுவுதான், ஆனால் விருந்தாளிக்கு அதுவே தோது. சாயங்காலம் ஏழு மணிக்குச் செருகிவிட்டு, சாப்பிட்டுப் பேசிப் படுத்து எழுந்தால் என் 25 யூனிட் எப்போதோ ஏறி முடிந்திருக்கும். கேபிள் உங்களுடையதாக இருக்க வேண்டும், கம்பத்தில் இருக்காது. காருடன் வந்த 5 மீட்டர் கேபிள் எனக்குப் போதவில்லை. நீரோவின் சார்ஜ் வாய் மூக்கில் இருக்கிறது. கம்பத்துக்கு மூக்கைக் காட்டி நிறுத்த இடம் கிடைத்தால் சரி. கம்பம் பின்பக்க டயருக்கு நேராக அமைந்துவிட்டால் கேபிள் இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி நிற்கும். 10 மீட்டர் கேபிள் வாங்கிய பிறகு நிம்மதி. கனம் அதிகம்தான், மழையில் சுருட்டினால் கையெல்லாம் சேறு. ஆனாலும் லண்டனுக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பணம் கட்டுவதில் ஒரு வேடிக்கை உண்டு. 2023-ல் வந்த பொதுச் சார்ஜர் விதிகளின்படி, 2024 நவம்பர் 24-லிருந்து 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள எல்லாச் சார்ஜரிலும், புதிதாக வைக்கும் 8 கிலோவாட் சார்ஜர் தொடங்கியும், வங்கி அட்டையைத் தட்டியே கட்டலாம். நல்ல விஷயம். கம்பச் சார்ஜர் 5 கிலோவாட் என்பதால் இந்த விதிக்குள் வராது. அதனால் இரவு மழையில் போனை நீட்டி க்யூஆரைப் பிடித்து, பக்கம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். தினமும் ஒரே கம்பத்தில் போடும் தெருக்காரருக்கு இது பெரிதில்லை. எங்களைப் போல வந்துபோகிறவர்கள், வீட்டு வைஃபையை விட்டு வெளியே வருமுன்பே ஆப்பில் கணக்கு தொடங்கி அட்டையைப் பதிந்து வைப்பது நல்லது.

இப்போது அந்த அனுமதி விஷயம். சாக்கெட் யாருக்கும் பொது. ஆனால் அது நிற்கும் தெரு, பெரும்பாலும் குடியிருப்போர் பெர்மிட் வட்டாரம், அதாவது பெர்மிட் உள்ள கார்தான் அங்கே நிற்கலாம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை! மின்சாரத்துக்கு ஒழுங்காகக் காசு கட்டிக்கொண்டு நிற்கும் காரின் கண்ணாடியிலேயே அபராதச் சீட்டு ஒட்டுவார்கள். லண்டனில் பரோ எனப்படும் 32 உள்ளாட்சிப் பகுதிகளும், நடுவிலுள்ள சிட்டி ஆஃப் லண்டனும் தனித்தனியாகப் பார்க்கிங் விதி போடுகின்றன. கட்டுப்பாடு ஒரு தெருவில் காலை எட்டு முதல் மாலை ஆறரை, அடுத்த பரோவின் முதல் தெருவில் இரவு பத்து வரை, இன்னொன்றில் பகலில் இரண்டே மணி நேரம். அபராதமும் சின்னத் தொகை இல்லை: 2025 ஏப்ரலிலிருந்து கடுமையான வகைக்கு 160 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. 25 யூனிட் மின்சாரத்துக்கு 80 பவுண்டு என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்?

அதனால் எங்கள் வீட்டு வழக்கம் இப்படி: கிளம்பும் முன்பே சித்திக்குப் போன் போட்டு விருந்தினர் பெர்மிட் மிச்சம் இருக்கிறதா என்று கேட்பது. இருந்தால் சித்தி தன் கவுன்சில் கணக்கில் என் வண்டி எண்ணை ஏற்றிவிடுவார். இல்லையென்றால் அந்த வட்டாரத்தின் பெர்மிட் நேரம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை அது தொடங்குமுன் எடுத்துவிடுவது. பல வட்டாரங்களில் ஞாயிற்றுக்கிழமை கட்டுப்பாடு கிடையாது, ஆகவே சனி இரவு மிக வசதி. பார்க்கிங் அறிவிப்புப் பலகையை மட்டும் முழுதாகப் படியுங்கள். வெம்ப்ளி ஸ்டேடியத்தைச் சுற்றி நிகழ்ச்சி நாள் என்று தனியாக ஒரு கட்டுப்பாடு உண்டு. வெம்ப்ளியிலேயே உள்ள ஈலிங் ரோட்டுக்குச் சேலை வாங்கப் போகிற அன்றைக்குத்தான் கால்பந்து இறுதிப்போட்டியும் இருக்கும்.

மின்கார்களுக்கென்றே கோடு போட்ட இடங்களுக்கு வேறு சட்டம். அங்கே வெறுமனே நிறுத்தக் கூடாது, கேபிள் செருகி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். பல இடங்களில் அதிகபட்ச நேரமும் உண்டு. வேகம் 7 கிலோவாட் என்றால் 4 மணி நேரத்தில் என் தேவை முடிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், நடு இரவில் எழுந்து போய்க் காரை நகர்த்த வேண்டும். நான் அந்த வகைக்குப் போவதில்லை.

சொந்தக்காரர் வீட்டில் கார் நிறுத்த முற்றம் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஈஸ்ட் ஹாமில் வரிசை வீடுகள், வாசற்படி இறங்கினால் நடைபாதைதான். ஹாரோ சித்தப்பா வீட்டில் முற்றம் உண்டு, சாதாரண மூன்று முள் பிளக்கில் செருகுகிறேன். 2.3 கிலோவாட்தான், ஆனாலும் பத்து மணி நேரத்தில் 20 யூனிட்டுக்கு மேல் வரும். எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டும் வேண்டவே வேண்டாம். இவ்வளவு நேரம் முழு லோடு இழுத்தால் சூடேறி உருகும் ஆபத்து உண்டு. ஒரு யூனிட் 26 பென்ஸ் என்று வைத்தால் சித்தப்பாவுக்கு ஐந்து பவுண்டு செலவு. கொடுத்தால், "அப்ப சாப்பாட்டுக்கும் பில் போடட்டுமா?" என்கிறார். பேரனுக்கு ஏதாவது வாங்கிப்போய்ச் சரிக்கட்டுகிறோம்.

விலையைப் பற்றி மின்கார்க்காரர்கள் கொஞ்சம் மழுப்புவார்கள். நான் மழுப்பவில்லை. வீட்டில், இரவுக் கட்டணத் திட்டத்தில், யூனிட் 7, 8 பென்ஸ். அதாவது மைலுக்கு 2 பென்ஸ் சொச்சம். கம்பச் சார்ஜரில் யூனிட் 50 பென்ஸுக்கு மேல் போகிறது, மைலுக்கு 15 பென்ஸ் அளவு. அது ஓரளவு சிக்கனமான பெட்ரோல் காரின் செலவேதான். வேகச் சார்ஜரில் 75, 80 பென்ஸ். குளிரில் மைலுக்கு 25 பென்ஸைத் தாண்டும், பெட்ரோலைவிட அதிகம்! இதில் வரியின் பங்கும் உண்டு: வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி (VAT), தெருச் சார்ஜருக்கு 20 சதவீதம். முற்றம் உள்ளவனுக்குக் குறைந்த வரி, அடுக்குமாடியில் இருப்பவனுக்கு நான்கு மடங்கு வரி. இது எந்த ஊர் நியாயம்?

வேகச் சார்ஜரை நான் இரண்டு நேரத்துக்குத்தான் வைத்திருக்கிறேன். ஒன்று, ஒரே நாளில் போய்த் திரும்பும்போது. அதுவும் நகரத்துக்குள் இல்லை, திரும்பும் வழியில் எம்1 சாலையோர நிறுத்தத்தில், காபிக்கும் கழிப்பறைக்கும் எப்படியும் நிற்கும் நேரத்தில். நீரோ அதிகபட்சம் 80 கிலோவாட் அளவுக்குத்தான் வாங்கும், 15 யூனிட் ஏற்ற கால் மணி நேரம் போதும். இரண்டு, ஹீத்ரோவுக்கு அவசரமாக ஓட வேண்டியிருக்கும்போது. நகரத்துக்குள்ளும் வேகச் சார்ஜர் இல்லாமல் இல்லை: மேற்கு லண்டனின் ஃபுல்ஹாம் ரோட்டில் ஷெல் நிறுவனம் 2022-ல் பெட்ரோல் பம்புகளை அடியோடு எடுத்துவிட்டு 175 கிலோவாட் சார்ஜர்கள் வைத்த நிலையம் ஒன்று இருக்கிறது. கூரை, வெளிச்சம், உட்கார இடம் எல்லாம் உண்டு, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 25 யூனிட்டுக்காக ஃபுல்ஹாம் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்வது எனக்குச் சரிப்படாது. இன்னொன்று, அட்டையைத் தட்டினால் சில சார்ஜர்கள் முதலில் ஒரு பெருந்தொகையைப் பிடித்துவைத்துச் சில நாள் கழித்துத்தான் விடுவிக்கும். கணக்கில் சரியாக இருபது பவுண்டு வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பழுது? முன்பைவிட எவ்வளவோ தேவலை. ஒருமுறை விடியற்காலையில் ஒரு கம்பம் என் கேபிளை விடவே இல்லை. காரைத் திறந்தாயிற்று, ஆப்பில் நிறுத்தியாயிற்று, அசையவில்லை. இழுக்கக் கூடாது, பூட்டு முள் உடையும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் கூப்பிட்டேன், அந்தப் பக்கமிருந்தே திறந்துவிட்டார்கள். 24 மணி நேர இலவச உதவி எண்ணும் அதே 2023 விதிகளில் வந்ததுதான். கம்பத்தின் அடையாள எண்ணைக் கேட்பார்கள். அதை முதலிலேயே போட்டோ எடுத்து வைத்தால், இருட்டில் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கடைசியாகச் சாலைக் கட்டணங்கள். முழு லண்டனுக்கும் பரவியுள்ள யூலெஸ் மாசுக் கட்டணம் மின்காருக்கு இல்லை. ஆனால் நகர மையத்தின் நெரிசல் கட்டணத்திலிருந்து கிடைத்துவந்த முழு விலக்கு 2025 கிறிஸ்துமஸோடு போய்விட்டது. 2026 ஜனவரி 2 முதல் கட்டணம் நாளுக்கு 18 பவுண்டு. கட்டணத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் ஆட்டோ பே கணக்கு வைத்திருந்தால் மின்காருக்கு 25 சதவீதம் தள்ளுபடி, அதாவது 13 பவுண்டு 50 பென்ஸ். டிரஃபால்கர் சதுக்கம் பார்க்க வேண்டுமானால் காரைக் கம்பத்திலேயே விட்டுவிட்டு ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் டிஸ்ட்ரிக்ட் லைன் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

2025 ஏப்ரலில் தேம்ஸ் நதிக்கு அடியில் சில்வர்டவுன் சுரங்கச் சாலை திறந்ததிலிருந்து அதற்கும் பக்கத்துப் பிளாக்வால் சுரங்கத்துக்கும் கட்டணம் உண்டு, மின்காரும் தப்பவில்லை. ஆட்டோ பே இருந்தால் நெரிசல் இல்லாத நேரத்தில் ஒன்றரை பவுண்டு. இல்லாவிட்டால் எப்போது போனாலும் நான்கு. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை இலவசம். நதிக்குத் தெற்கே லூயிஷம் மச்சான் வீட்டில் சாப்பிட்டு எழும்போது எப்படியும் பத்தாகிவிடும், திரும்பும்போது அந்தச் செலவு இல்லை.