மாணவர் பட்ஜெட்டில் ஒலித்தொகுப்பு: ஆடாசிட்டியும் ரீப்பரும் பழகிய பிறகு

எந்த ஆடியோ எடிட்டர் போடலாம் என்று ஜூனியர்கள் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உனக்கு வேலை பாட்டா, பேச்சா? பீட் அமைத்து, கீபோர்டு வாசித்துப் பாட்டு கட்டுகிறவர்களின் தேவையே வேறு. மேக் இருந்தால் காரேஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் வேவ்ஃபார்ம் ஃப்ரீ இருக்கிறது. அதற்கு மேல் அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பில் சேர்ந்ததிலிருந்து நான் செய்வதெல்லாம் பேச்சு சார்ந்தது: பேட்டி, வானொலி நாடகம், சிறுகதை வாசிப்பு. கையில் 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண விண்டோஸ் லேப்டாப். முதலில் ஆடாசிட்டி போட்டேன், பிறகு ரீப்பர். இன்றும் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

ஆடாசிட்டி முழுக்க இலவசம், நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூல மென்பொருள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000-இல் வெளிவந்தது. அதன் வயது முகத்திலேயே தெரியும், ஆனால் அழகு பார்த்து ஒதுக்க வேண்டாம். திறந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு. அலைவடிவத்தில் வேண்டாததைத் தேர்ந்தெடுத்து டிலீட் செய்தால் வெட்டு. யாரும் சொல்லித்தராமலே ஒரு பேட்டியை ஓரளவு முடித்துவிடலாம். 2021-இல் மியூஸ் குழுமம் என்ற நிறுவனம் இதை வாங்கியபோது ‘உளவு மென்பொருள்’ என்று பெரிய கூச்சல் எழுந்தது. பிரைவசி பாலிசியைப் பிறகு திருத்தி எழுதினார்கள். எனக்கு அதில் பயமில்லை. அப்டேட் தேடுவதை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன்.

ஆடாசிட்டியை நான் இன்னும் விடாததற்குக் காரணம் ஃபேன். விடுதி அறையில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் ரூம்மேட் பார்க்கும் பார்வை இருக்கிறதே! ஆகவே பதிவில் காற்றிரைச்சல் இருந்தே தீரும். பேசத் தொடங்கும் முன் சில விநாடிகள் சும்மா இருந்துவிடுங்கள். அந்த வெறும் இரைச்சலை மட்டும் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற எஃபெக்ட்டில் ப்ரொஃபைல், அதாவது இரைச்சலின் மாதிரி, எடுக்க வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே எஃபெக்ட்டை மறுபடி திறந்து ஓகே கொடுக்க வேண்டும். நான் 8 அல்லது 10 டெசிபல் குறைப்போடு நிறுத்திக்கொள்வேன். 25-க்கு இழுத்தால் அறை அமைதியாகிவிடும். குரலோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். ஒலியை அதிர்வெண் (ஃப்ரீக்வன்சி) வாரியாகப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ப்ரொஃபைல் அளவுக்குக் கீழே இருப்பதை அது அமுக்குகிறது. ச, ஸ, ஷ போன்ற சீறும் ஒலிகளும் ஃபேன் காற்றுபோலவே பல பட்டைகளில் பரவிக் கிடப்பவை. அதனால் அளவு மீறினால் முதலில் அடிபடுவது அவைதான். ‘சரி’, ‘பேசு’ வரும் இடங்களை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். அங்கே ச மழுங்கியிருந்தால் டெசிபலைக் குறைத்துவிடுங்கள்.

ஒரே கோப்பில் மட்டும்தான் வேலை என்றால் பிரேசிலில் உருவான ஓசன்ஆடியோ (ocenaudio) இன்னும் இலகு, அதுவும் இலவசம். பல ஒலிகளைத் தனித்தனி ட்ராக்குகளாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கும் வேலைக்கு அது ஆகாது.

நாடகம் என்று வந்ததும்தான் ரீப்பர் தேவைப்பட்டது. ஆடாசிட்டியில் எஃபெக்ட் மெனுவிலிருந்து எதைப் போட்டாலும் அது ஒலியையே மாற்றிவிடும். புராஜெக்ட்டை மூடினால் அன்டூவும் போய்விடும். 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, கேட்டுக்கொண்டே மாற்றக்கூடிய எஃபெக்ட்டுகள் சேர்ந்திருக்கின்றன, நல்ல முன்னேற்றம்தான். ரீப்பரோ தொடக்கத்திலிருந்தே அப்படி. அசல் கோப்பைத் தொடாது. எத்தனை வெட்டு வெட்டினாலும் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மறைந்த பகுதி திரும்ப வரும்.

எனக்கு அதில் பிடித்தது ரிப்பிள் எடிட்டிங்: ஒன்றை வெட்டினால் பின்னால் உள்ளவை தானாக நகர்ந்து இடைவெளியை மூடும். ஒரு ட்ராக்கில் அப்பா பேசுகிறார், இன்னொன்றில் மகள், கீழே மழை, அதற்கும் கீழே கதவுச் சத்தம். அப்பாவாக நடிப்பவர் நடுவில் ‘வந்து… வந்து…’ என்று இழுக்கிறார். அந்த இடத்தின் இருபுறமும் எஸ் தட்டிப் பிரித்து, நடுத்துண்டை டிலீட் செய்கிறேன். எல்லா ட்ராக்குக்கும் ரிப்பிள் போட்டிருந்தால் பின்னால் உள்ள வசனம், கதவு எல்லாம் ஒன்றாக முன்னால் நகர்ந்துவிடும். ஆடாசிட்டியிலும் ட்ராக்குகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் சிங்க்-லாக் போட்டு இதைச் செய்யலாம். ஆனால் நாள் முழுக்க இதே வேலை என்றால் ரீப்பரில் கை வேகமாக ஓடுகிறது. ஒலியளவையும் ரெண்டர் செய்யும்போதே, அதாவது இறுதிக் கோப்பை உருவாக்கும்போதே, சரிசெய்துவிடலாம். பாட்காஸ்ட்டுக்கு ஆப்பிள் சொல்லும் -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவையே நானும் வைக்கிறேன்.

குறை? மெனுக்கள். வலது கிளிக் செய்தால் திரை உயரத்துக்கு ஒரு பட்டியல் விரியும். அதில் முக்கால்வாசியை நான் இன்னும் தொட்டதே இல்லை. வெட்டு, ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றுவது, இறக்குவது), ரிப்பிள், ரெண்டர் நான்கை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். லேப்டாப்புக்கு எந்தச் சுமையும் இல்லை. இன்ஸ்டாலரே சுமார் 15 எம்பிதான். வின்ஆம்ப் என்ற சின்னஞ்சிறு பாட்டு ப்ளேயரை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் நிறுவனம் தயாரிப்பது, அந்தச் சிக்கனம் இதிலும் இருக்கிறது.

மாதச் சந்தா கட்டும் அடோபி ஆடிஷனை மாணவருக்கு நான் சொல்லமாட்டேன். படிப்பு முடிந்து சந்தாவை நிறுத்திய அன்று பழைய புராஜெக்ட்டுகளைத் திறக்க வழி இருக்காது. அப்புறம், விடுதியில் பென்டிரைவில் சுற்றும் கிராக் சமாச்சாரங்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய் என்கிற எதையும் தொடாதீர்கள். இலவசமாகவே இவ்வளவு கிடைக்கும்போது அது எதற்கு?

ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். சலுகை விலை லைசென்ஸ் 60 டாலர், நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். சொந்த உபயோகத்துக்கும் சிறு வருமானக்காரர்களுக்கும் இதுவே செல்லும். அடுத்த முழுப் பதிப்பு முடியும் வரை அப்டேட்டுக்குத் தனிக் காசு இல்லை. வாங்குமுன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதுக் கார்டுகளில் அது அணைந்தேதான் வரும். பணம் கட்டியதும் லைசென்ஸ் கோப்பு மின்னஞ்சலில் வந்துவிடும். அதை உங்களுடைய எல்லாக் கணினிகளிலும் போட்டுக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் பயன்படுத்தினால் சரி.