சேற்றுக்கு என்று விற்கப்படும் மலிவு விலை பட்டன் டயர்: 3,400 ரூபாய் இழந்த பிறகு எழுதும் எச்சரிக்கை

நேற்று மாலை மூன்றாவது முறையாக அந்தக் கடையின் படியேறி, வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால் மதுரைப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, மலைப்பாதை சைக்கிள் வைத்திருப்பவர்கள் பலரும் இப்போதுதான் டயர் மாற்றுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள். மலிவு விலை டயர் சேற்றில் ஓட்டத் தகுமா, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் என்னுடைய 3,400 ரூபாய் எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறுதோறும் விடியற்காலையில் நாகமலை அடிவாரத்திலோ கீழக்குயில்குடிப் பக்கமோ சைக்கிள் ஓட்டுவது எனக்குச் சில ஆண்டுகளாகப் பழக்கம். சைக்கிளோடு வந்த டயர்கள் வழுவழுவென்று தேய்ந்துவிட்டன. பெயர் பெற்ற நிறுவனங்களின் சேற்று டயர் என் கையிருப்புக்கு எட்டவில்லை என்பதால், எங்கள் பகுதியில் இரண்டு தலைமுறையாக இருந்துவரும் ஒரு சைக்கிள் உதிரிபாகக் கடைக்குப் போனேன். என் அப்பாவின் சைக்கிளுக்குக் கோட்டம் எடுத்துக் கொடுத்த கடை அது.

கடைக்காரர் மேல் கம்பியில் தொங்கிய ஒரு டயரை இறக்கி என் மடியில் வைத்தார். டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர்க் குமிழ்களைத்தான் பட்டன் என்பார்கள்; அதில் ஒன்றைத் தன் கட்டைவிரலால் அழுத்திச் சாய்த்துக் காட்டி, “பாருங்க தம்பி, ரப்பர் எம்புட்டு மெதுவா இருக்குன்னு. கரிசக்காட்டுக்குள்ள விட்டாலும் சேறு உதுந்துரும். காத்து மட்டும் 25 வச்சுக்கங்க, அதுக்கு மேல வைக்காதீங்க” என்றார். நான் தயங்கியதைப் பார்த்ததும், “அப்பா காலத்துல இருந்து வர்றீங்க, உங்ககிட்டயா பொய் சொல்லப் போறேன்?” என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பணத்தை எடுத்தேன். டயர் ஜோடி 2,900, இரண்டு ட்யூபும் மாட்டுக்கூலியும் 500, ஆக மொத்தம் 3,400 ரூபாய். பில் கேட்டபோது, கடையின் பெயரோ டயரின் பெயரோ இல்லாத ஒரு துண்டுச்சீட்டில் ‘டயர் 2’ என்றும் தொகையையும் எழுதிக் கொடுத்தார். டயரைச் சுற்றியிருந்த அச்சிட்ட அட்டையை, நான் படிப்பதற்குள் கடைப் பையன் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டான். தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும் இருக்க வேண்டிய இடம் அந்த அட்டைதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மைத்துனரும் திருமங்கலத்தைத் தாண்டிக் கல்லுப்பட்டிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு வண்டிப்பாதையில் இறங்கினோம். முதல் நாள் இரவு நல்ல மழை பெய்திருந்தது. கரிசல் மண்ணின் குணம் இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீர் பட்டால் உப்பி, பிசினாக மாறி, தொட்டதை விடாது. இருநூறு அடி போவதற்குள் என் டயரில் பட்டன்களுக்கு நடுவிலிருந்த இடைவெளி முழுவதும் அடைத்துக்கொண்டு, சக்கரம் கறுப்பு உருண்டையாகி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் முட்டி நின்றது. மைத்துனரின் டயரும் மலிவானதுதான், அதுவும் கரிசலை அள்ளத்தான் செய்தது. ஆனால் தார்ச்சாலைக்கு வந்து சிறிது தூரம் வேகமாக மிதித்ததும் அவருடைய டயரிலிருந்து சேறு கட்டிகட்டியாகத் தெறித்து விழுந்துவிட்டது. என்னுடையதில் குச்சியால் கிண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலை முடிந்து மறுபடியும் ஏறி உட்கார்ந்து, ஒரு சரளைக் கல்லைத் தாண்டியபோது பின் டயர் ரிம்மை ஒட்டிய விளிம்பில் விரல் நீளத்துக்குக் கிழிந்தது. ட்யூப் வெளியே பிதுங்கிப் பட்டாசு போல வெடித்தது. அங்கிருந்து திருமங்கலம் வரை தள்ளிக்கொண்டே நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. கிழிந்த இடத்தில், டயரின் உள்ளே இருக்கும் நூல் அடுக்கின் மேல் ரப்பர் பெயருக்குத்தான் பூசப்பட்டிருந்தது. பட்டன்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள் ஓடின. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கடலைத் தோலைப் போலப் பிய்ந்து கையோடு வந்தது, கீழே வெறும் நூல். நகத்தை அழுத்தினால் அந்த ரப்பரில் தடமே விழவில்லை. கடைக்காரர் கட்டைவிரலால் அழுத்தியபோது சாய்ந்தது, பட்டன் உயரமாகவும் ஒல்லியாகவும் இருந்ததால்தானே தவிர, ரப்பர் மென்மையாக இருந்ததால் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, டயரின் பக்கச்சுவரில் சிறிய எழுத்தில் காற்றழுத்தம் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. வரை என்று பொறித்திருந்தது. 25 வைக்கச் சொன்னவர் அவர்தான்!

திங்கட்கிழமை காலையில் போனேன். “முதலாளி இல்ல, சாயங்காலம் வாங்க” என்றான் பையன். மாலையில் போனபோது கடைக்காரர் டயரைக் கையில் வாங்கக்கூட இல்லை. “25 காத்து வச்சு ஓட்டுனா கிழியாம என்ன செய்யும்? நாப்பதுன்னு போட்டிருக்குல்ல” என்றார். நீங்கள்தானே 25 என்று சொன்னீர்கள் என்றேன். “நான் எங்க சொன்னேன்?” என்று கேட்டுவிட்டு, கம்பெனி ஆள் வியாழக்கிழமை வருவார், காட்டுகிறேன், மறுநாள் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். நேற்று வெள்ளிக்கிழமை போனால், கம்பெனியில் எடுத்துக்கொள்ள மறுக்கிறார்கள், வேண்டுமானால் 2,500 ரூபாய்க்கு இன்னொரு ஜோடி தருகிறேன் என்கிறார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கல்லூரி மாணவனின் மடியில் அதே டயரை இறக்கி வைத்து, அதே கட்டைவிரலால் அதே போலப் பட்டனை அழுத்திக் காட்டினார். வாங்காதே தம்பி என்று அந்தப் பையனிடம் சொன்னேன். “யாவாரத்தைக் கெடுக்காதீங்க, கெளம்புங்க” என்று என்னைப் பார்த்துக் கை நீட்டினார். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கடை வாசலில் என்ன சொல்லியிருப்பார் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். 3,400 ரூபாய் என் வீட்டில் ஒரு மாத மளிகையில் பாதி.

மலிவு டயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. மைத்துனரின் டயர் அதற்குச் சாட்சி. சேற்றில் மட்டும் ஓட்டுவதென்றால் ரப்பரின் மென்மையைவிடப் பட்டன்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் முக்கியம், அதற்குப் பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை. அழகர்மலை அடிவாரம் போல ஈரப் பாறையும் வேரும் குறுக்கிடும் இடங்களில்தான் மென்மையான ரப்பர் வேண்டும், அது மலிவு விலையில் கிடைப்பது அரிது. கரிசலில் மழை விட்ட மறுநாள் எந்த டயரும் காப்பாற்றாது, இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு இறங்குங்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனமில்லை. இரண்டு பட்டன்களுக்கு நடுவே உங்கள் சுண்டுவிரல் நுழையவில்லை என்றால் அந்த டயர் சேற்றுக்கு ஆகாது. பழைய டயரின் பக்கச்சுவரில் உள்ள அளவு எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். மலைப்பாதை சைக்கிளில் 26 அங்குலச் சக்கரத்துக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622 என்று முடிய வேண்டும். அட்டையை நீங்கள் படித்துப் படம் எடுக்கும்வரை கத்தரிக்க விடாதீர்கள். முறையான பில் தர மறுப்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது, ஆகவே துண்டுச்சீட்டோடு கடையை விட்டு இறங்காதீர்கள். இன்று காலை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. இன்னும் ஒன்று: எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், அதைப் பில்லின் பின்பக்கம் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.