கோழி மருந்துக்கு நம்பிப் போகலாம்

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இந்தக் கால்நடை மருந்துக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். சந்தையில் வாங்கிய பெட்டைகளில் ஒன்று தும்மிக்கொண்டே இருந்தது, கண்ணோரம் நுரை வேறு. கடைக்காரர் உடனே மருந்தை எடுத்து நீட்டவில்லை. "புதுசை எங்கே விட்டிருக்கீங்கம்மா?" என்றுதான் கேட்டார். மாடிப்படிக்குக் கீழே தனிக் கூண்டில் என்றேன். "சரி, ஒரு மாசம் அங்கேயே இருக்கட்டும். பழைய கோழிக்கு முதல்ல தீனி வைங்க, அப்புறம்தான் புதுசுக்கு. தண்ணிக் கிண்ணம் மாறிடக் கூடாது."

வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்து கேட்டேன். நோயில் இருக்கும் கோழிக்குத் தடுப்பு மருந்து போடக் கூடாது என்று விற்க மறுத்துவிட்டார். கையில் காசோடு நிற்பவரைத் திருப்பி அனுப்பும் வியாபாரி அபூர்வம்! ஆன்டிபயாடிக்கும் சீட்டு இல்லாமல் தரவில்லை, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

தும்மல் நின்ற பிறகு போனபோது லசோட்டாவை ஐஸ் போட்ட தெர்மாகோல் டப்பாவில் வைத்துக் கொடுத்தார். 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் அந்த மருந்துக்கு உயிர். வேறொரு கடையில் அதே குப்பியை வெறும் கவரில் போட்டு நீட்டினார்கள், அதுவும் சித்திரை வெயிலில்.

குறை என்றால், சின்னக் குப்பியே 100 கோழிக்கானது. கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ரத்தக் கழிச்சலுக்கான ஆம்ப்ரோலியம் பொடியும் பெரிய பாக்கெட்தான். தெருவில் கோழி வைத்திருப்பவர்களோடு சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். மதியம் கடை சாத்தியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.