மந்திரத்துக்கு மண் கொடுத்த விலை: மூன்றாண்டு கேம்பெயின் அனுபவம்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளைக் கொண்டு, நானே அமைத்த ஓர் உலகில், ஐந்து நண்பர்களுடன் மூன்று ஆண்டுகளாக நடத்திவந்த கேம்பெயின், அதாவது ஒரே கதையாக நீளும் தொடர் ஆட்டம், 71 அமர்வுகளோடு அண்மையில் நிறைவடைந்தது. அந்த உலகில் மந்திரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதும், அதை மந்திரம் போடுபவருக்குப் பதிலாக நிலம் செலுத்திவருகிறது என்பதும் முதல் 37 அமர்வுகள் வரை ஆட்டக்காரர் எவருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட ஆட்டத்தின் நிறைகுறைகள் நாலைந்து அமர்வுகளில் புலப்படுவதில்லை. கணக்கு முற்றி, கதாபாத்திரங்களுக்கு ஓர் ஊரின்மேல் பாசம் வந்து, பழக்கங்கள் ஊறிய பிறகே அவை தெரியவருகின்றன என்பதால், கேம்பெயின் முழுவதும் முடியும்வரை காத்திருந்து இதை எழுதுகிறேன்.

சூழலைத் தின்னும் மந்திரம் என்பது புதிய கருத்தன்று. இதே ஆட்டத்துக்காக 1991-இல் வெளிவந்த டார்க் சன் என்னும் உலகில், மந்திரவாதிகள் சுற்றிலும் உள்ள செடிகொடிகளின் உயிராற்றலை உறிஞ்சியே மந்திரம் போடுகிறார்கள். கவனமின்றி உறிஞ்சுபவனின் காலடியில் புல் அப்போதே சாம்பலாகிறது. அது வலிமையான அமைப்பு. ஆனால் அங்கே விலை கண்முன் தெரிகிறது. ஆகவே ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார். எனக்கு வேண்டியது தேர்வாகவே தோன்றாத ஒரு செயல். நான் மாதிரியாக எடுத்துக்கொண்டது குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களின் வரலாறு. 1928-இல் உருவாக்கப்பட்ட அந்த வாயு தீப்பற்றாது, நஞ்சும் அன்று. குளிர்சாதனப் பெட்டிகளில் அதுவரை பயன்பட்ட ஆபத்தான வாயுக்களுக்கு மாற்றாக வந்தது. அது ஓசோனை அரிக்கக்கூடும் என்ற ஆய்வு 1974-இல்தான் வந்தது. அண்டார்க்டிகாவின் மேலே படலம் பெரிதும் மெலிந்திருப்பது 1985-இல் அறிவிக்கப்பட்டது. பயன் சமையலறையில், சேதம் யாரும் வசிக்காத தென்முனைக்கு மேலே. இந்த இடைவெளியைத்தான், காலத்தாலும் இடத்தாலும், விதிக்குள் கொண்டுவர விரும்பினேன்.

அதற்கான வழி விதிப்புத்தகத்திலேயே இருந்தது. இந்த ஆட்டத்தில் மந்திரம் போடுபவர் தம் ஸ்பெல் ஸ்லாட்டுகளை, அதாவது இத்தனை மந்திரம் போடலாம் என்று அளந்து தரப்பட்ட வாய்ப்புகளை, செலவழிக்கிறார். 'லாங் ரெஸ்ட்' எனப்படும் எட்டு மணி நேர ஓய்வுக்குப் பிறகு அவை எல்லாம் திரும்ப நிரம்பிவிடுகின்றன. எங்கிருந்து நிரம்புகின்றன என்று யாரும் கேட்பதில்லை. என் உலகில் அவை உறங்கும் இடத்தின் நிலத்தடி ஊற்றிலிருந்து நிரம்பின. மந்திரம் போட்ட போர்க்களத்தில் ஒரு புல்கூட வாடாது. படுத்து எழுந்த ஊரில் நீர்மட்டம் இறங்கும். சந்தேகம் வந்தாலும் ஆட்டக்காரர்கள் தவறான இடத்தில்தான் தேடுவார்கள். மேலும், தாங்கள் விரும்பித் தங்கும் இடத்துக்கே அதிகச் சேதம் செய்வார்கள். முதல் அமர்வுக்கு முன்பே, "இந்த உலகில் நீங்கள் அறியாத விதி ஒன்று இருக்கிறது, அது உங்கள் கதாபாத்திரங்களை உங்களிடமிருந்து பறிக்காது" என்று மட்டும் சொல்லி ஐவரின் சம்மதத்தையும் வாங்கியிருந்தேன். இதைச் செய்யாமல் யாரும் தொடங்க வேண்டாம்.

குழுவில் விசார்ட் (கற்றறிந்த மந்திரவாதி), கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்), டுரூயிட் (இயற்கையின் மந்திரக்காரர்) என மூவர் மந்திரக்காரர்கள். மற்ற இருவர் ஃபைட்டரும் (போர்வீரர்) ரோகும் (தந்திரமும் களவும் அறிந்தவர்). கணக்கை எளிமையாக வைத்துக்கொண்டேன். ஒரு ஸ்லாட்டின் நிலை, அதாவது அதில் போடக்கூடிய மந்திரத்தின் வலிமைப் படி, எவ்வளவோ அத்தனை அலகு நீர். அவர்கள் தங்கிய கிராமத்தின் ஊற்று நாளொன்றுக்கு 10 அலகு ஊறும். 200 அலகு குறைந்தால் கிணற்றுக் கயிற்றுக்கு ஒரு முழம் கூடுதலாக வேண்டும். லெவல் என்பது கதாபாத்திரம் அனுபவத்தால் ஏறும் படி. முதல் லெவலில் ஒருவருக்கு இரண்டு ஸ்லாட்டுகள்; மூவருமாக ஓரிரவில் 6 அலகு. இரண்டாம் லெவலில் 9. ஊற்று 10 ஊறுவதால், அதுவரை கிணற்றில் ஒரு சுவடும் தெரியாது. மூன்றாம் லெவலில் அது 24 ஆகிறது. ஐந்தாம் லெவலில் 48. ஒன்பதாம் லெவலில் 108. அவர்கள் செய்தது என்னவோ ஒன்றேதான்: வேலையை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அதே சத்திரத்தில் படுத்தார்கள். எளியவர்களாக இருந்தபோது நிலம் தாங்கிய பழக்கத்தை, வல்லவர்களான பிறகு அதனால் தாங்க முடியவில்லை. இதற்காக நான் தனியாக எதையும் புனையவில்லை. ஆட்டத்தின் சொந்த அட்டவணையே அப்படி ஏறுகிறது. ஐந்தாம் லெவலில் மாதத்தில் பாதி இரவுகள் அங்கே தங்கியபோது, ஊறியது போக நிகரமாக ஏறக்குறைய 400 அலகு, அதாவது இரண்டு முழம், மாதந்தோறும் இறங்கியது.

நீண்ட கால ஆட்டத்தில் மட்டுமே கிடைக்கக்கூடிய ஓர் அனுபவம் இங்கேதான் வந்தது. கிணறு இறங்குவதைப் பார்த்த கிளெரிக், தினமும் மாலையில் நீர் உண்டாக்கும் மந்திரத்தைப் போட்டு ஊராரின் குடங்களை நிரப்பத் தொடங்கினார். ஒரு முறைக்குப் பத்து கேலன், அதாவது சுமார் 38 லிட்டர். டுரூயிட் மூன்றாம் நிலை மந்திரம் ஒன்றை எட்டு மணி நேரம் ஓதி, அரை மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் இருந்த நிலத்தில் ஓராண்டுக்கு இரட்டை விளைச்சலைக் கொடுத்தார். விளைச்சல் பெருகியதால் அயலூர்க் குடும்பங்களும் வந்து குடியேறின. இருவரும் களைத்துப் படுத்து உறங்கினார்கள், ஸ்லாட்டுகள் நிரம்பின, கிணறு மேலும் இறங்கியது. ஊர் அவர்களுக்கு நன்றி சொல்லும் காட்சிகளை நான் உண்மையான நன்றியாகவே நடித்தேன், ஏனெனில் அந்த ஊராருக்கு அது உண்மைதான். அந்த வாரங்களில் கணக்கேட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்தது. அது வெறும் ஆட்டம் என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை.

கணக்கு எழுதுவதற்கு அமர்வுக்கு ஐந்து நிமிடம் போதும். போர், பயணம், பேரம் எதிலும் வேகம் குறையவில்லை; மறைவிதி அவற்றைத் தொடுவதே இல்லை.

பெரிய குறை என்னுடையது, அதை முழுமையாகச் சொல்ல வேண்டும். 19-ஆம் அமர்வில் டுரூயிடாக ஆடிய தோழி, மண்ணில் கைவைத்து நிலம் நலமாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். இருபது முகப் பகடையை உருட்டி, திறமையின் கூடுதலையும் சேர்த்து 18 எடுத்தார். நல்ல எண். நானோ, மர்மம் பாதியிலேயே உடைந்துவிடுமே என்ற பதற்றத்தில், "இந்த ஆண்டு மழை குறைவு" என்று சொல்லிவிட்டேன். என் ஏட்டில் மழை குறையவில்லை. அவர் தலையசைத்துவிட்டு, மழை வேண்டி ஒரு சடங்கை நடத்தினார்; அதற்கும் ஸ்லாட்டுகள் செலவாயின.

உண்மை வெளிப்பட்ட 38-ஆம் அமர்வுக்குப் பிறகு அவர் என்னிடம் தனியாகப் பேசினார். "நீ மறைத்ததில் எனக்குக் குறையில்லை, அதற்குச் சம்மதித்துத்தான் வந்தேன். ஆனால் நான் கேட்டேன், பகடையும் கைகொடுத்தது, நீ மாற்றிச் சொன்னாய். நிலத்தை அறிந்தவள் என்று மூன்று பக்கம் எழுதிய கதாபாத்திரத்தை அன்றைக்கு நீ ஒன்றும் தெரியாதவளாக்கிவிட்டாய்" என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என்பதை அதுவரை நான் சரியாகப் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. கேட்காதவரை சொல்லாமலிருக்க, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு உரிமை உண்டு. கேட்டுவிட்டால், பகடை அனுமதிக்கும் அளவுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். "ஊற்று ஊறுகிறது, ஆனால் இரவுகளில் ஏதோ ஒன்று அதைக் குடிக்கிறது" என்று அன்று நான் சொல்லியிருக்கலாம். மர்மம் உடைந்திருக்காது, ஆழப்பட்டிருக்கும். இன்னும் பத்தொன்பது அமர்வுகள் அந்த ஊர் அப்படி வற்றியிருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த அமர்வின் தொடக்கத்தில் ஐவர் முன்னிலையிலும் இதை ஒப்புக்கொண்டேன். அந்த 18-க்கு உரிய விடையை, அவருடைய கதாபாத்திரம் கண்ட ஒரு கனவாகத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அதன்பின் சில மாதங்கள், என்னிடம் எதைக் கேட்பதற்கு முன்பும் அவர் ஒரு நொடி தயங்கியதை நான் கவனித்தேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவர், மந்திரமே இல்லாத ஃபைட்டர். ஊருக்கு வரும்போதெல்லாம் கிணற்றடியில் ஒரு மூதாட்டிக்கு நீர் இறைத்துக் கொடுப்பது அவருடைய கதாபாத்திரத்தின் வழக்கம். முழத்துக்கு ஒரு முடிச்சாக இருந்த அந்தக் கயிற்றை ஒவ்வொரு முறையும் நான் வர்ணித்துவந்தேன். மற்றவர்களுக்கு அது அலங்காரம், அவர் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். 38-ஆம் அமர்வில் பகடையைக் கீழே வைத்துவிட்டு, தேதிகளோடு அந்த எண்களை வரிசையாகப் படித்தார். முதல் வருகையில் ஏழு முடிச்சு. கடைசியாகப் பதினைந்து. நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் கயிறு நீளவே இல்லை என்று சொல்லி நிறுத்தினார். மேசையில் யாரும் பேசவில்லை. விசார்டாக ஆடியவர் தம் கேரக்டர் ஷீட்டையே, அதாவது கதாபாத்திரத்தின் விவரத்தாளையே, பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்லாட்டுகளைக் குறித்துக் குறித்து, ஓய்வுக்குப் பின் ஒவ்வொரு முறையும் ரப்பரால் அழித்து அழித்து, அந்த ஒரு வரிசையில் மட்டும் காகிதம் தேய்ந்து மறுபக்க எழுத்து தெரிந்தது. அவர் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் திட்டமிட்டு எழுதிய எந்தக் காட்சியும் இதற்கு ஈடாகவில்லை.

அன்றே கணக்கேட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டேன். விதி வெளிப்பட்டதும் ஆட்டம் சப்பென்று போய்விடுமோ என்று அஞ்சினேன். நேர்மாறாக, எஞ்சிய 33 அமர்வுகளே இந்தக் கேம்பெயினின் சிறந்த பகுதியாக அமைந்தன. முதலில் தினம் ஓரிடத்தில் முகாமிட்டு, எந்த ஊற்றும் 10 அலகுக்கு மேல் இழக்காதபடி சுமையைப் பரப்பினார்கள். ஒன்பதாம் லெவலில் அதற்கு ஓரிரவுக்கே பதினொரு ஊற்றுகள் வேண்டும் என்று கூட்டிப் பார்த்ததும் அந்த வழி அடைபட்டது. கிளெரிக், உயிர்காக்கும் தேவை இல்லாவிட்டால் ஸ்லாட்டுகளை நிரப்புவதில்லை என்று உறுதியெடுத்தார். விசார்ட் உடன்படவில்லை, எல்லையில் திரண்டிருந்த படையைத் தடுக்காவிட்டால் ஊரே இருக்காது என்பது அவர் வாதம், அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு அமர்வுகள் ஒரு பகடைகூட உருளாமல் இந்த விவாதத்திலேயே கழிந்தன. சண்டைக்காகவே ஆட வருபவர்களுக்கு இது சலிப்பூட்டலாம். எங்கள் ரோகுக்குச் சலிப்பூட்டியது, அதை அவர் சொல்லவும் செய்தார்.

மீட்சியை எவ்வளவு அனுமதிப்பது என்பதில் நெடுநேரம் குழம்பினேன். முழுமையாகச் சரியாகிவிடும் என்றால் முப்பத்தேழு அமர்வுகளின் எடை காணாமற்போகும். எதுவுமே சரியாகாது என்றால் முயற்சிக்கு இடமில்லை. மத்திய ஆசியாவின் ஏரல் கடலின் கதை இங்கே வழிகாட்டியது. பருத்திப் பாசனத்துக்காக அமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீரைத் திருப்பியதால் 1960-களிலிருந்து சுருங்கிய அந்தக் கடலில், 2005-இல் கட்டிமுடிக்கப்பட்ட கோக்-ஏரல் அணை வடபகுதியில் நீர்மட்டத்தை உயர்த்தியது; மீன்பிடியும் திரும்பியது. தென்பகுதி அப்படி மீளவில்லை. என் கிராமத்துக்கும் அவ்வாறே இரண்டு ஊற்றுகளை வைத்தேன். இரண்டு மழைக்காலங்கள் யாரும் அங்கே ஸ்லாட் நிரப்பாவிட்டால் கிழக்கு ஊற்று மீளும். மேற்கு ஊற்று மீளாது. எதைக் காப்பது என்று ஊர்க்கூட்டத்தில் பேசியவர்கள் கதாபாத்திரங்கள்தான், ஆனால் மேற்குத் தெருவில் அவர்களுக்குப் பழக்கமான குடும்பங்கள் இருந்தன. கடைசிப் போருக்குப் பதினோராம் லெவலில் போனார்கள். ஒருவருக்கு முழுதாக நிரம்ப 47 அலகு வேண்டிய அந்த நிலையில், விசார்ட் பதினைந்து நாட்களாகச் செலவழிக்காமல் காத்துவைத்த ஸ்லாட்டுகளோடு மட்டும் போனார். அவர் போட்ட ஒவ்வொரு மந்திரத்துக்கும் மேசை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

விதியில் ஓட்டைகளும் உண்டு. ஸ்லாட் தேவைப்படாத கேன்ட்ரிப் மந்திரங்களுக்கு நான் விலை வைக்கவில்லை. உண்மை தெரிந்த பிறகு எல்லோரும் அவற்றை நோக்கி ஓடினார்கள். விசார்ட் குறுகிய ஓய்விலும் சில ஸ்லாட்டுகளைத் திரும்பப் பெற முடியும் என்பதை ஏறக்குறைய ஓராண்டு கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன். பின்னர் பழைய குறிப்புகளைப் புரட்டித் திருத்தினேன். மழைக்கும் கோடைக்கும் ஒரே ஊறல் என்று வைத்ததும் தவறு. மந்திரக்காரர் ஒருவர் மட்டுமே உள்ள குழுவுக்கு இந்த எண்கள் பொருந்தா. ஊறலை மூன்றாகக் குறைத்தால்தான் அதே வளைவு கிடைக்கும்.

சென்ற மாதம் வேறொரு குழுவோடு இதே விதியை வைத்து, வேறு நிலம், வேறு அடையாளங்களோடு மீண்டும் தொடங்கியிருக்கிறேன். கேன்ட்ரிப்புகளுக்குச் சிறு விலை உண்டு, பருவத்துக்கேற்ப ஊறல் மாறுகிறது, கேட்ட கேள்விக்குப் பொய் கிடையாது. இந்தக் குழுவிலும் மூன்று மந்திரக்காரர்கள். ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரரின் வீட்டுத் திண்ணை அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போய், மூன்று அமர்வுகளாக அங்கேயே படுக்கிறார்கள். ஏட்டில் இதுவரை எந்த இரவும் ஊறலைத் தாண்டவில்லை. அடுத்த அமர்வில் அவர்கள் மூன்றாம் லெவலுக்கு உயர்கிறார்கள்.