பனையோலையா, தென்னையோலையா?

பனையோலை விசிறி, தென்னையோலை இறகு. பள்ளிப் பாடத்தில் அங்கை வடிவம், சிறகு வடிவம் என்று இரண்டையும் வேறு வேறு வகையில் போட்டுவிடுவார்கள். குருத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கதைதான். முருங்கையில் சிற்றிலைகள் தனித்தனியாகவே முளைக்கின்றன. பனைக் குடும்பத்தில் அப்படியில்லை. ஒரே முழு இலை, கொசுவம் வைத்த சேலை மாதிரி மடிந்து உருவாகி, பிறகுதான் மடிப்பின் வழியே பிரிகிறது.

சரி, வித்தியாசம் எங்கே? மட்டை ஓலைக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில்தான். பனையில் சிறிது தூரம் நுழைந்து நின்றுவிடும். கொசுவம் முழுவதும் அங்கிருந்து விரிகிறது, பிரிவதும் பாதி வரைதான். தென்னையில் மட்டை நுனி வரை போகிறது. நாலைந்து மீட்டர் நீளத்துக்கு, இரு பக்கமும் சேர்த்து இருநூறு சிற்றிலைகளுக்கு மேல் இருக்கும். எல்லாமே அடிவரை பிரிந்தவை.

அதனால் கடற்கரைக் காற்று தென்னையோலைக்குள் புகுந்து போய்விடுகிறது. (வாழைக்கு இந்த ஏற்பாடு கிடையாது; காற்றே வந்து நரம்பு வழியே கிழித்துக் கொடுக்க வேண்டும்.) பனையோலை விறைப்பாக நின்று காற்றோடு மோதும். பனங்காட்டு நரி அஞ்சாத சலசலப்பு அதுதான்.

கூரை என்று வந்தால் என் ஓட்டு பனைக்கு. பாதி வரை ஒட்டியிருப்பதால் அது ஏற்கெனவே ஒரு தகடு. வெட்டி, அடுக்கி, பாரம் வைத்துத் தட்டையாக்கினால் வேய்ந்துவிடலாம். தென்னையோலை சும்மா போட்டால் ஒழுகும். மட்டையை நடுவில் பிளந்து, தண்ணீரில் ஊறவைத்து, கீற்றாக முடைய வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிடுகு என்பது இதைத்தான். அவ்வளவு வேலை செய்தும் ஒன்றிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும். பனையோலை கூடுதல் காலம் தாங்கும். ஆனால் தென்னையோலை தானாகக் கீழே விழும், பனையோலைக்கு ஆள் ஏற வேண்டும். அப்புறம் அந்தக் கருக்கு மட்டை! ரம்பப் பல் தொடையைக் கிழித்தவர்களைக் கேட்டால் வேறு தீர்ப்புச் சொல்வார்கள்.

பதநீர் குடிக்கும் பட்டையும் பனையோலைதான். ஒட்டியிருக்கும் மடிப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பனையில் மடிப்பு மேல்நோக்கித் திறந்த வாய்க்கால், தென்னைச் சிற்றிலை கவிழ்த்துப் போட்ட ஓடு. மரத்தில் இருக்கும்போதே நுனியிலிருந்து பார்த்தால் தெரியும்.

எழுதுவதற்குத் தென்னை போட்டியிலேயே இல்லை. சிற்றிலை ஒடுக்கம், நடுவில் ஈர்க்கு வேறு; அதை எடுத்தால் மிஞ்சுவது ரிப்பன். அதனால்தான் சுவடிக்குப் பனை. அங்கே அதற்கு நிஜமான எதிரி தாளிப்பனை: இன்னும் அகலம், இன்னும் மென்மை, இலங்கையின் பழைய ஏடுகளில் நிறைய அதுதான்.

தென்னை ஒரே இடத்தில் பனையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒவ்வொரு சிற்றிலைக்கும் ஒரு நீள ஈர்க்கு, வளைந்தாலும் சட்டென்று ஒடியாது. நாலைந்து மட்டையைச் சீவினால் வாசல் பெருக்க ஒரு விளக்குமாறு.