திரையில் ஒளிர்ந்த பச்சைக் கோடு: காரைக்குடியில் ஒரு பித்தப்பை அறுவைச் சிகிச்சை

பித்தப்பைக் கற்களால் அவதிப்பட்ட எங்கள் ஆத்தாவுக்குக் காரைக்குடியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், இண்டோசயனின் கிரீன் என்னும் சாயத்தால் பித்தக்குழாய்களை ஒளிரச் செய்யும் முறையில், வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. இதற்காக மதுரை வரை அலைய நேராததே முதல் ஆறுதல்.

அயோடின் ஒவ்வாமை உண்டா என்று விசாரித்த பிறகு, அறுவைக்குச் சில மணி நேரம் முன்பே கை நரம்பில் சாயத்தை ஏற்றினார்கள். கல்லீரல் அதைப் பித்தத்தோடு சேர்த்து வெளியேற்றுவதால், கேமராவின் அகச்சிவப்பு ஒளி படும்போது பித்தக்குழாய்கள் திரையில் பச்சையாகத் தெரிகின்றன. கடைசி நேரத்தில் ஏற்றினால் கல்லீரலே பளிச்சிட்டுக் குழாயை மறைத்துவிடுமாம். பதிவை எங்களுக்குப் போட்டுக் காட்டினார் மருத்துவர். மஞ்சள் கொழுப்புக்கு அடியில் வாய்க்கால் போல ஒரு பச்சைக் கோடு ஓடியது. வெட்ட வேண்டிய குழாய், வெட்டவே கூடாத பொதுப் பித்தக்குழாயில் சேரும் இடம், குழாயை அடைக்கும் கிளிப்பைப் போடுவதற்கு முன்பே புலப்பட்டது. “கொழுப்போ அழற்சியோ தடித்திருந்தால் இந்த ஒளி ஊடுருவாது, ஆச்சி, கை நிதானம்தான் முக்கியம்” என்று அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

குறை, பில்லில்தான். சாயத்துக்கான தொகையை முன்கூட்டியே சொல்லாமல் ‘இதர மருந்துகள்’ என்று சேர்த்திருந்தார்கள். உணவுக் குறிப்பும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால், வெள்ளைப் பணியாரம் சாப்பிடலாமா என்று கேட்க ஆத்தா இரண்டு முறை நர்ஸை அழைக்க வேண்டியதாயிற்று.