ஆய்வேட்டுக்கு ஒப்புமைச் சோதனை: நூலகச் சேவை பற்றி ஒரு நெறியாளரின் மதிப்பீடு

எங்கள் பல்கலைக்கழக நூலகம் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஒப்புமைச் சோதனை செய்து சான்று வழங்குகிறது. ஆய்வேட்டின் வரிகள் பிறருடைய எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மென்பொருளைக் கொண்டு பார்ப்பதே இச்சோதனை; மாணவர்கள் வழக்கில் இதற்குப் ‘பிளேகியரிசம் செக்’ என்று பெயர். தமிழிலக்கிய ஆய்வுக்கு நெறியாளராக இருக்கும் நான் சில ஆண்டுகளாக இச்சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். ஆய்வேட்டின் மென்பிரதியை அனுப்பினால் இரண்டு மூன்று நாட்களில் அறிக்கை வந்துவிடும், கட்டணம் கிடையாது, ஐயம் கேட்டால் ஊழியர்கள் பொறுமையாக விளக்குகிறார்கள். சேவை நடக்கும் விதத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

அறிக்கையில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஒப்புமை விழுக்காட்டைத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்திற்குள் திருத்தித் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டையும் சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்தாகும். துணைநூற் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவற்றையும், உரிய முறையில் மூலம் சுட்டி எடுத்தாண்ட மேற்கோள்களையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே ஒழுங்குமுறை சொல்கிறது.

நடைமுறையில் தமிழ் ஆய்வேடுகளுக்கு இந்தக் கணக்கு பிசகுகிறது. நாங்கள் சங்கப் பாடல்களை மேற்கோள் குறியிடாமல், உள்தள்ளி, தனி வரிகளாக அமைப்பதே வழக்கம். மென்பொருளுக்கு அது மேற்கோள் என்று தெரிவதில்லை, ஆகவே பாடல் முழுவதும் ஒப்புமை என்று சிவப்பில் வந்து நிற்கிறது. மறுபுறம், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஓர் ஆய்வேட்டை அனுப்பியபோது ஒப்புமை ஏறக்குறைய சுழியம் என்று வந்தது. திரையில் நமக்குத் தமிழாகத் தெரிவது அந்த மென்பொருளுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல் என்பதே காரணம். ஆங்கில நூலிலிருந்து மொழிபெயர்த்து எழுதிய பத்திகளும் இதுவரை எங்களுக்கு வந்த எந்த அறிக்கையிலும் பிடிபட்டதில்லை. சோதனைக்கு முன் கோப்பை யூனிகோடுக்கு மாற்றவேண்டும் என்பதை நூலகம் கட்டாயமாக்க வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று.

இவற்றையெல்லாம் தாண்டி, இந்தச் சேவை எனக்குச் செய்த பேருதவி ஒன்று உண்டு. என் மாணவி ஒருவருக்கு 34 விழுக்காடு வந்தது. அறிக்கையைத் தாள் தாளாகப் புரட்டினேன். முடிவுகளைப் பேசும் இயல்கள் பெரும்பாலும் நிறமின்றி இருந்தன. முன்னோர் ஆய்வுகளைப் பற்றிய இரண்டாம் இயலில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் ஐந்து நிறங்கள்; ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு நிறம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்கா தளத்தில் உள்ள பழைய ஆய்வேடுகளின் பத்திகளை ஒன்றோடொன்று இணைத்து அந்த இயலை அமைத்திருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது, “மாத்தி எழுதினா தப்பாயிடுமோன்னு பயமா இருந்துச்சு ஐயா. அவங்க எழுதினதைவிட நல்லா எனக்குச் சொல்லத் தெரியலை” என்றார்.

அந்தப் பதிலை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. நோட்ஸில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று பள்ளியிலிருந்து முதுகலை வரை பழக்கிவிட்டு, ஆய்வுக்கு வந்த அன்றே சொந்தமாக எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பி வந்த எம்.ஃபில். என்ற முன்னிலை ஆய்வுப் படிப்பும் மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறையோடு நின்றுவிட்டது. சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதித் திருத்தம் வாங்கிப் பழகும் வாய்ப்பும் அதோடு போயிற்று. ஆய்வேட்டுக்கு முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டுக் கட்டாயத்தை அதே 2022 ஒழுங்குமுறை நீக்கியது என்றாலும், பல நிறுவனங்கள் தம் விதிகளில் அதை இன்னும் வைத்திருக்கின்றன. உதவித்தொகை முடியும் தறுவாயில் கட்டுரைக்கு அலையும் மாணவர் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டத் துணிகிறார். தெரிந்தே, கூசாமல் திருடுவோரும் இருக்கிறார்கள்; அவர்கள் பொருட்டுத் தண்டனை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் எழுதக் கற்றுத்தரப்படாதவர்கள். அந்த மாணவியின் குறிப்பேட்டை மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட வாங்கிப் பார்க்காத நானும் அதற்குப் பொறுப்பு.

விழுக்காடு மட்டுமே பேசப்படுவதால் விளையும் கேட்டையும் சொல்லவேண்டும். பல்கலைக்கழக வாசலை ஒட்டிய தட்டச்சு நிலையங்கள் சிலவற்றில் விழுக்காட்டைக் குறைத்துத் தருகிறார்கள். இன்னொரு மாணவர் அப்படிக் கொடுத்து வாங்கிய ஆய்வேட்டில் 41 என்றிருந்தது 9 ஆகியிருந்தது. படித்தபோது நெஞ்சு பதறியது. ‘தோழி கூற்று’ என்பது ‘சிநேகிதியின் பேச்சு’ என்றும், ‘உள்ளுறை உவமம்’ என்பது ‘உள்ளே தங்கும் ஒப்பு’ என்றும் மாறியிருந்தன. கருத்து அப்படியே பிறருடையது. கலைச்சொற்கள் மட்டும் சிதைக்கப்பட்டிருந்தன. சோதனை அதற்குத் தேர்ச்சி அளித்தது. நான் கையொப்பமிட மறுத்து, அவரோடு உட்கார்ந்து அந்த இயலை முதலிலிருந்து எழுத வைத்தேன். ஐந்து மாதங்கள் ஆயின.

ஆகவே இச்சேவையைப் பயன்படுத்துவோர், சான்றுப் பக்கத்தோடு நின்றுவிடாமல் முழு அறிக்கையையும் கேட்டு வாங்கி, நெறியாளரும் மாணவரும் சேர்ந்து படிக்கவேண்டும் என்பதே என் பரிந்துரை. நூலகத்திடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இப்போது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தறுவாயில் இரண்டு முறை மட்டுமே சோதிக்க அனுமதிக்கிறார்கள். முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வோர் இயலையும், சான்று இல்லாமல், மாணவரின் பயிற்சிக்காகச் சோதித்துத் தரவேண்டும். இதை எழுத்து மூலமாகவும் கொடுத்திருக்கிறேன்.